கையால் பேசுகிறவளுக்குப் போன் எதற்கு

1

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் பாரிசுக்கு வெளியே எத்தனையோ பெரிய மனிதர்கள் இன்றைக்கும் நான் பதித்த தளக்கல்லின் மேல் நின்றுதான் பல் துலக்குகிறார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவிலிருந்து நகராது. என் முதலாளி, பிரெஞ்சுக்கார முசே ஒருத்தர், பட்டம் படித்த எஞ்சினியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். இதை நான் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் சொல்ல வேறு ஆள் இல்லை.

வருஷா வருஷம் நம் ஊர்க்காரர்களுக்காக அங்கிருந்து நாலு பக்கம் எழுதி அனுப்புவேன். பனி, மெட்ரோ, ஆபீஸ் வரிசை, அங்கே பிறந்த பிள்ளைகளின் போக்கு என்று ஏதாவது இருக்கும். இந்த முறை புதுச்சேரியில், குருசுக்குப்பத்தை ஒட்டிய தெருவில், நானே நின்று கட்டிய வீட்டு ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். குளிருக்குப் பயந்து வந்தேன். அங்கே இத்தனை வருஷம் இருந்தும் எனக்குப் புரியாத தூரம், சொந்த வீட்டில், இன்றைக்குப் பகலில் புரிந்தது.

என் தங்கச்சி செல்வி அங்கே ஆபரேஷன் அறைக்குள் இருக்கிறாள். வேறு ஒன்றும் செய்ய முடியாததால் எழுதுகிறேன்.

2

செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. யாரும் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அதனால் அவளுக்குத் தமிழ் கிடையாது, பிரெஞ்சு கிடையாது, காது கேளாதவர்கள் படித்துப் பேசுகிற முறையான சைகையும் கிடையாது. அவளுக்கு இருப்பது எங்கள் வீட்டுச் சைகை மட்டும். நாங்கள் இரண்டு பேரும் சின்ன வயசில் உண்டாக்கியது. அம்மாவுக்குப் பாதி தெரியும். என் வீட்டுக்காரிக்கு முக்கால்வாசி தெரியும். இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பாஷையை முழுசாகப் பேச இப்போது உலகத்தில் இரண்டு பேர்தான்.

மீசையை முறுக்கினால் அது நான். உள்ளங்கையை நெற்றிக்கு நேரே விளிம்பு போல நீட்டினால் பிரான்ஸ். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போய், நம்மூர்ப் போலீஸ்காரர் இன்றும் போடும் சிவப்புத் தொப்பியைப் பார்த்து அவள் வைத்த பெயர். அம்மா போன பிறகு அவளை அங்கே கூட்டிப்போனேன். விமான நிலையத்தில் இறங்கியதும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தொப்பி எங்கே என்று கேட்டாள். ஒருவர் தலையிலும் இல்லை. ஏமாற்றிவிட்டேன் என்று வீடு போய்ச் சேரும் வரை என் முகத்தையே பார்க்கவில்லை.

அவளைக் கூட்டிப்போக நான் ஏறாத படி இல்லை. விசா கவுண்டரில் இருந்த அம்மாள், இவர் பேசும் மொழி எது என்று கேட்டாள். எங்கள் வீட்டு மொழி என்றேன். அப்படி ஒரு மொழி பட்டியலில் இல்லை என்றாள். பட்டியலைப் போட்டவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை என்றேன். மகன் மிஷேலுக்கு வெட்கம், என் கோட்டைப் பிடித்து இழுத்தான். பிறகு ஒரு நாள் அரசாங்கமே சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உட்கார்த்தி வைத்தது. அவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டார். செல்வி மரியாதையாகப் பார்த்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, இந்த ஆள் எதற்கு ஈ ஓட்டுகிறார் என்று கேட்டாள்.

மிஷேலுக்கும் அவள் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். கட்டை விரலை வாயில் வைப்பது. அவன் பள்ளிக்கூடம் போகிற வயசு வரை விரல் சூப்பினான். இப்போது தலையில் நரை தெரிகிறது, பெரிய கம்பெனியில் கண்ணாடி அறை, அவனுக்குக் கீழே ஆட்கள். அவளுக்கு அவன் இன்னும் கட்டை விரல்தான். விருந்தாளிகள் முன்னால் அவள் அதைச் செய்யும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான். தமிழிடமிருந்தும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. சொன்னால் பிரெஞ்சில் பதில் வரும்.

நான் இங்கே வரும் மாதங்களில் செல்வி அவன் வீட்டில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்தால் திரையில் வருவாள், பேசுவோம். டச் போன் எனக்கு ஒத்துவராது. சிமெண்டிலேயே ஊறிய விரல், தேய்த்தாலும் கண்ணாடிக்கு உறைக்காது. ஊர்ப்பேச்சுக்குப் பொத்தான் போன் போதும். கையால் பேசுகிறவளுக்குத்தான் அது உதவாது.

3

நேற்றிலிருந்து புயல் மழை. சென்னையில் விமானங்களை நிறுத்திவிட்டதாகச் செய்தி. தெருவில் முழங்கால் தண்ணீர். நான் போட்ட தளம் என்பதால் என் ஹாலில் ஒரு சொட்டுத் தங்கவில்லை. வாசல் பக்கம் வாட்டம் கொடுத்திருக்கிறேன், ஊற்றினால் ஓடிவிடும்.

பகலில் பொத்தான் போன் அடித்தது. மிஷேல். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். பாதி பிரெஞ்சில், பாதி அவனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். அத்தையைத் தாந்த் என்பான்.

"பப்பா, தாந்துக்கு வயிறு… குடல் சுத்திக்கிச்சு. இப்பவே ஆபரேஷன் பண்ணணும். விட மாட்றாங்க. ஊசியப் பிடுங்கிப் போட்டாங்க."

நேரம் போனால் குடல் செத்துவிடும், பிறகு அவளும் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் சுயநினைவோடு இருந்து வேண்டாம் என்று தள்ளுகிறவளைக் கட்டிப்போட்டு அறுக்க மாட்டார்களாம். ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளர் வந்து பார்த்தார். செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"மீசைய முறுக்கிக்கிட்டே இருக்காங்க, பப்பா. அது மட்டும்தான்."

ஆபரேஷனை அவளுக்கு எப்படிக் காட்டினார்கள் என்று கேட்டேன். டாக்டர் தன் வயிற்றின் மேல் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினாராம். எங்கள் பாஷையில் அது குருசுக்குப்பத்துக் கரையில் மீனின் வயிற்றைக் கிழித்துக் குடலை எறிவது. அதைத்தான் அந்த நல்ல மனிதர் சிரித்த முகத்தோடு, ஒரு தடவைக்கு நாலு தடவை அவளிடம் சொல்லியிருக்கிறார்.

அதைச் செய்ய வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லு, லேப்டாப்பைத் திற, இதோ நான் வருகிறேன் என்று போனை வைத்தேன்.

4

லேப்டாப் திறந்தது. மூலையில் இருக்கும் விசிறி மாதிரிக் கோடுகளைக் காணோம். உலக உருண்டை மேல் ஒரு குறி. இணையம் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கேபிள்காரப் பையன் இணையப் பெட்டியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். நேற்றுச் சாரல் அடித்தது. விலையுள்ள எதையும் நம் வீடுகளில் வெளியே விட மாட்டோம் அல்லவா? அம்மா ரேடியோவையே பீரோவில் வைத்துப் பூட்டிக் கேட்டவள். நானும் இந்தப் பெட்டியை பீரோவுக்கு மாற்றினேன். சாதாரண பீரோ இல்லை. தவளக்குப்பத்துப் பட்டறையில் பக்கத்தில் நின்று கனத் தகட்டில் அடிக்கச் சொன்னது, நாலு ஆள் வேண்டும் தூக்க. முதுகில் துளை போட்டு ஒயர்களை உள்ளே விட்டு, அறுபடாமல் ரப்பர் வளையம் கூட மாட்டினேன். கேபிள்காரனுக்கு இந்த வேலை வராது. தளத்தின் வாட்டத்தால் பீரோக் கதவு தானாகவே வந்து சாத்திக்கொள்ளும், அதுவும் ஒரு வசதி. சாவி என் அரைஞாணில்.

ஆக, பெட்டி பத்திரமாக இருந்தது. கோளாறு லேப்டாப்பில்தான் என்று நினைத்தேன்.

அணைத்துப் போட்டேன். வரவில்லை. விமானப் படம் போட்ட பொத்தான் தவறி அமுங்கினால் எல்லாம் செத்துவிடும் என்று மிஷேல் ஒரு முறை சொன்னது நினைவுக்கு வந்து அதை அமுக்கினேன். திரும்ப அமுக்கினேன். என் பெட்டியின் பெயர் தெரிந்தது, ஒற்றைக் கோடு. தொட்டேன். முயல்கிறேன், முயல்கிறேன் என்று சுற்றிவிட்டு முடியவில்லை என்றது. கோளாறைத் தானே தேடும் ஒரு வசதி அதில் உண்டு. அதைத் தட்டினால் பச்சைக் கோடு ஓடி ஓடி, பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள் என்று பிரெஞ்சில் சொன்னது. பக்கத்தில்தானே இருக்கிறேன், பீரோ இதோ இருக்கிறது என்று அதனிடம் தமிழில் கத்தினேன்.

பழைய இணைப்பை மறக்கச் சொல்லிவிட்டுக் கடவுச்சொல்லைப் புதிதாக அடித்தேன். இது அங்கே வாங்கிய லேப்டாப். எழுத்தெல்லாம் இடம் மாறி இருக்கும், எண் வேண்டுமென்றால் இன்னொரு பொத்தானைச் சேர்த்து அமுக்க வேண்டும். அவசரத்தில் எண்ணுக்குப் பதிலாகக் கொம்பு வைத்த பிரெஞ்சு எழுத்துகள் விழுந்தன. அழித்தேன், அடித்தேன். சரி என்று ஏற்றுக்கொண்டது. கோடு வந்தது. செல்வி பெயரைத் தட்டுவதற்குள் போய்விட்டது.

கேபிள் ஆபீசுக்கு அடித்தேன். ஒரு பெண் பொறுமையாகத்தான் பேசினாள்.

"செட்டிங்ஸ்ல போங்க சார்."

"என் திரையில அது இல்லம்மா. பிரெஞ்சுல பாராமேத்ர்னு இருக்குது."

"அது எனக்குத் தெரியல சார். பாக்ஸ்ல பச்சை லைட் எரியுதா?"

பீரோவைத் திறந்தேன். எரிந்தது. அந்த நேரம் பார்த்து மேசைமேல் லேப்டாப் டிங் டிங் என்று மிஷேல் அனுப்பியதையெல்லாம் வாங்கியது. வந்துவிட்டது அம்மா என்று ஓடினேன். பின்னால் கதவு டங்கென்று சாத்திக்கொண்டது. உட்கார்ந்தேன். உலக உருண்டை.

"பாக்ஸ் பக்கத்துல ஏதாச்சும் மறைக்குதா சார்?"

"ஒண்ணும் மறைக்கல. பத்திரமா வச்சிருக்கேன்."

"அப்ப உங்க லேப்டாப்லதான் சார் பிராப்ளம்."

அத்தோடு போன் அறுந்தது.

5

என் சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பிலோமினா தண்ணீரில் நடந்து வந்தாள். பால் பூத் நடத்துகிறவள். என்னை ஊரில் யாரும் பேசாத பேச்செல்லாம் அவள் பேசுவாள். அவளுடைய டச் போனில் முயன்றோம். மழைக்கு டவர் இழுத்துக்கொண்டு கிடந்தது. படம் வந்தது, ஆனால் உறைந்த படம். செல்வியின் ஒரு கை தலைக்கு மேலே தூக்கியபடி நின்றது. நான் காட்டிய கை அங்கே போய்ச் சேரும்போது கட்டம் கட்டமாகச் சிதறியதாம். செல்வி பயந்து மிஷேல் பிடித்திருந்த போனையே தட்டிவிட்டாள்.

சரி, மிஷேலே சொல்லட்டும் என்று பொத்தான் போனில் அவனுக்குச் சொன்னேன். அவள் தையல்காரி, தையலைப் பிரிப்பது மாதிரிக் காட்டு. இடது கையில் துணி, வலது கையில் ஊசி, நூலை மெதுவாக உருவு. அவன் செய்தான். செய்துவிட்டு, தாந்த் பார்க்கவே மாட்டேன் என்கிறார்கள் பப்பா என்று அழுதான். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்றான்.

என் வாழ்க்கையில் எனக்கு முடியாத வேலை என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. சட்டியில் சிமெண்டு தூக்கியவன், இரண்டு தேசத்தில் வீடு உண்டாக்கியவன். எத்தனை பேர் கையெழுத்துக்கு நின்ற இடத்தில் நான் நாலாம் வகுப்போடு போய்க் காரியத்தை முடித்திருக்கிறேன். பெற்ற பிள்ளை தொலைபேசியில் அழ, கூடப் பிறந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க, ஒரு தட்டைப் பெட்டி என்னைப் பார்த்து முயல்கிறேன், முயல்கிறேன் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி மழையில் எறிய எழுந்தேன். பிலோமினா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உட்காரு அண்ணே. அத ஒடச்சிட்டு அப்புறம் இன்னாத்தப் பார்ப்ப?"

6

உட்கார முடியவில்லை. பீரோவில் அம்மாவின் செபமாலை இருந்தது. சாவி போட்டுத் திறந்து அதை எடுத்தேன். அங்கேயே, பீரோ முன்னாலேயே முட்டி போட்டேன். கதவு வந்து தோளில் சாய்ந்தது. பாரம் மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். அருள்நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்து முடிக்கவில்லை. லேப்டாப் அடித்தது.

ஐயோ மாதாவே என்று எழுந்து ஓடினேன். டங். அடிப்பது நின்றது.

செபமாலை பீரோவுக்குள் விழுந்திருந்தது, திரும்ப வந்து கதவைத் திறந்து, அது தோளில் சாய அப்படியே முட்டி போட்டேன். செபம் வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அடித்தது. எழுந்தேன். நின்றது.

என்னைத் தண்டிக்கிறாள் மாதா என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

பிலோமினா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாதா ஒண்ணும் பண்ணல அண்ணே. நீ முட்டி போட்டா வருது, எழுந்தா போவுது. கதவப் பாரு. உன் தோள்பட்ட நிறுத்துது, நீ எழுந்தா சாத்திக்குது. லிப்ட்டுக்குள்ள போனா போன் கட்டாவுதுல்ல? அது மாரி இரும்புப் பொட்டியில போட்டுப் பூட்டிட்டு வா வான்னா எப்பிடி வரும்?"

அதற்கு மேல் என்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்ட ஒரே நாள் இதுதான்.

பெட்டியை வெளியே எடுக்கலாம் என்றால், ஒயரை அந்த ரப்பர் வளையத்திலிருந்து உருவ எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும், திரும்ப உயிர் வர நேரமாகும். அவள் கதவை அகலத் திறந்து முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"நா இங்கதான் இருக்கேன். நீ போய்ப் பேசு."

7

செல்வியின் முகம் வந்தது. ஒரே இரவில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மிஷேல் திரையை அவள் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தான். பின்னால் வெள்ளைக்கோட்டில் டாக்டர். அவள் என்னைக் கண்டதும் மீசையை முறுக்கினாள். பிறகு விரலால் வயிற்றில் ஒரு கோடு. டாக்டரைக் காட்டினாள். என்னை மீன் மாதிரிக் கிழிக்கப் பார்க்கிறார்கள், நீ எங்கே போய்விட்டாய்?

இல்லை என்றேன். அது இல்லை. நீ தப்பாகத் தைத்த ரவிக்கையை என்ன செய்வாய்? பிரிப்பாய் அல்லவா? உள்ளே துணி முறுக்கிக்கொண்டிருக்கிறது. உனக்குத் தூக்கம் கொடுப்பார்கள். பிரித்து, நேராக்கி, திரும்பத் தைப்பார்கள். அவ்வளவுதான்.

யார் தைப்பது என்று கேட்டாள். டாக்டரைக் காட்டினேன். அவர் கையை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் மெஷினில் உட்கார்ந்தால் எங்கள் தெருவே வரிசையில் நிற்கும், அடுத்தவர் தையலை அவள் ஒத்துக்கொண்டதில்லை. கோணலாகப் போடுவாரா என்று கேட்டாள். உன்னைவிட நன்றாகப் போடுவார் என்றேன். அந்த வலியிலும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது.

பிறகு கேட்டாள். மீசை. தூங்கி எழுவது. கண்ணைத் தொட்டு, பக்கத்தில் காட்டி, விரலை விரித்தாள். நான் கண் திறக்கும்போது நீ இங்கே இருப்பாயா?

நான் அவளிடம் எதையும் சமாளித்துச் சொல்லியிருக்கிறேன். தொப்பி விஷயத்தில் கூட. இதில் முடியவில்லை. தண்ணீர், காற்று, பறக்க முடியாது என்று காட்டினேன். தொப்பி தூரம் என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கை மெல்ல, மறுபடி போட்டிருந்த ஊசியின் பக்கம் போனது.

அப்போது திரை ஆடியது. மிஷேல் லேப்டாப்பைக் கட்டில் மேசையில் வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றான். கோட்டு, கழுத்தில் டை. டாக்டர், நர்சு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் மகன் கட்டை விரலை வாயில் வைத்தான். வைத்தபடியே மறு கையால் பக்கத்து நாற்காலியைக் காட்டினான். அதில் போய் உட்கார்ந்தான். விரலை எடுக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. செல்வி அவனைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, கையில் இல்லாத நூலைப் பல்லில் வைத்துக் கடித்து அறுத்தாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். தைத்து முடித்த துணியை ஆளிடம் கொடுக்கும்போது அவள் செய்வது அது என்று அவர் மொழியில் சொன்னேன். சம்மதம் என்று அர்த்தம், சீக்கிரம் கொண்டுபோங்கள்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் அவள் கை தெரிந்தது.

8

பிலோமினா வீட்டுக்குப் போய்விட்டாள், பால் வண்டி வருமோ வராதோ பார்க்க வேண்டுமாம். போகும் முன் செல்வியின் பழைய தையல் மெஷினை இரண்டு பேருமாக இழுத்து வந்து பீரோக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். பீரோ வாயைப் பிளந்து நிற்கிறது. பத்திரம், பாஸ்போர்ட், வீட்டுக்காரியின் நகை எல்லாம் தெருவில் நின்று பார்த்தாலே தெரியும். சாவி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நான் தேடவும் இல்லை.

உள்ளே போய் ரொம்ப நேரம் ஆகிறது. செய்தி இல்லை. லேப்டாப்பை மூட எனக்குத் தைரியம் இல்லை, மிஷேலும் மூடவில்லை. திரையில் வெறும் சுவர், கட்டில் இருந்த இடம், அந்த நாற்காலி. அதில் அவன். டையை அவிழ்த்துப் பையில் வைத்திருக்கிறான். நான் எழுதுவதை நிறுத்தினால் நிமிர்ந்து பார்க்கிறான். எழுதினால் குனிந்துகொள்கிறான்.

கொஞ்சம் முன்னால் அவன் கேட்டான்.

"முழிச்சிட்டு உங்களக் கேட்டாங்கன்னா, நான் என்ன சொல்லட்டும் பப்பா?"

நான் கையைத் தூக்கினேன். மீசையை முறுக்கினேன். பிறகு விரல்களால் காற்றில் நடந்து காட்டினேன். வருகிறான், வந்துகொண்டே இருக்கிறான்.

அவன் பார்த்துவிட்டுத் தன் கையைத் தூக்கினான். மழித்த உதட்டின் மேல், இல்லாத மீசையை முறுக்கினான். விரல்களை நடக்கவிட்டான். சரியா என்று புருவத்தால் கேட்டான். சரி என்றேன். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடி, கதவைப் பார்த்துக்கொண்டு, மறந்துவிடாமல் இருக்க, மறுபடி மறுபடி அதையே செய்துகொண்டிருக்கிறான்.